காயாத படத்தைத் தொடாதேங்கோ!

ஈரமாக இருக்கிறது, தொட வேண்டாம் என்று சொல்லி முடிக்கும் முன்பே விரல் போய்விடுகிறது. இது என்ன பழக்கம்? அடுப்பில் கிடக்கும் கறிக்குள் யாராவது கையை விடுவார்களா? பாதியில் நிற்கும் ஓவியம் என்றால் மட்டும் எல்லாருக்கும் உரிமை வந்துவிடுகிறது.

எண்ணெய் வர்ணம் தண்ணீர் ஆவியாகிக் காய்வதல்ல. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. அம்பர் (umber) என்ற மண்ணிறம் கெதியாகக் காயும், டைட்டேனியம் வெள்ளை நாட்கணக்கில் இழுக்கும். தடிப்பாகப் பூசினால் வார்னிஷ் அடிக்க 6 மாதமாவது பொறுக்க வேண்டும். யாழ்ப்பாணத்து மாரியில் உப்பே கசியும், வர்ணம் எப்படிக் காயும்? “போன கிழமை கீறினது, இன்னும் காயேல்லையோ?” என்று கேட்டபடியே என் படத்திலுள்ள பண்ணைக் கடலில் பெருவிரலைப் பதிக்கிறார்கள்!

சரி, ஊரவர்களுக்குத் தெரியாது, விடுவோம். கூடக் கீறுகிறவர்கள்? தேத்தண்ணீர் குடிக்க வந்தவர் என் தூரிகையை எடுத்து, “இந்த மூலைக்குக் கொஞ்சம் நீலம் வேணும்” என்று தானே வைத்துவிட்டுப் போகிறார். படம் யாருடையது? அந்த மூலையை வெறுமையாக விட நான் பட்ட பாடு அவருக்குத் தெரியுமா? இன்னொருவர் பாதிப் படத்தை ஃபோனில் எடுத்து முகநூலில் போட்டு, விமர்சனமும் எழுதிவிடுகிறார். வெளிச்சம் சரியில்லையாம். முடியவில்லை ஐயா, படம் இன்னும் முடியவில்லை! பனைகளுக்கு நிழலே நான் இன்னும் போடவில்லை. அதற்குள் எந்த வெளிச்சத்தைக் கண்டார்?