தினம் ஒரு மாத்திரை என்கிற வழியையும் சொல்லி அனுப்புங்கள்

திருப்பூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பிறப்புறுப்பில் கொப்புளம் வந்தவர்கள் கடைக்கு வரும் விதமே தனி. கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, "ஏனுங்ண்ணா, ஃப்ரெண்டுக்குங்க, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்பார்கள். கேட்டதும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்து நீட்டுகிற கடைகள் உண்டு. அந்தக் கொப்புளம் ஹெர்ப்பிஸாக, அதாவது உடலுறவில் தொற்றும் வைரஸ் புண்ணாக இருந்து, அதில் இந்தக் களிம்பைத் தடவினால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். தொடைப்பக்கம் வந்தால் அக்கி என்று காவி எழுதிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களைப் பற்றி எழுதினால் எனக்கு வாய் கெட்டுப்போகும், விடுங்கள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. முதல்முறை வரும்போது அசைக்ளோவிர் 400 மி.கி., தினம் மூன்று வேளை, 7 முதல் 10 நாள். பால்வினை நோய்களுக்கான அரசு சிகிச்சை மையங்களில் 7 நாளைக்கான இதே மாத்திரைகள் சிவப்புப் பொட்டலமாக இலவசமாகவே கிடைக்கும். கையோடு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. அசைக்ளோவிர் களிம்பால் பெரிய பலன் இல்லை, மாத்திரைதான் வேலை செய்யும்.

என் கோபமெல்லாம் அதற்கப்புறம் நடப்பதில்தான். மாத்திரை வைரஸை அடக்குமே தவிர அழிக்காது. அது முதுகுத்தண்டின் அடிப்பக்க நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்ளும், சிலருக்கு வருடத்தில் பலமுறை கிளம்பும். "இது அப்படித்தான் வரும், போங்க" என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார். இரண்டு வழி இருக்கிறதே! எப்போதாவது புண் வருகிறவர்கள் மாத்திரையை வீட்டில் வைத்துக்கொண்டு, குறுகுறுப்பு தெரிந்த அன்றே தொடங்கலாம். அதே வகை மருந்தான வாலசைக்ளோவிர் 500 மி.கி. என்றால் இரண்டு வேளை வீதம் 3 நாள் போதும். அடிக்கடி புண் வருகிறவர்கள் அந்த வாலசைக்ளோவிரையே தினமும் ஒன்று போடலாம். அப்படிப் போட்டால் புண் வருவது வெகுவாகக் குறைகிறது. துணைக்குத் தொற்றுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆணுறையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கல்யாணமானவர்களுக்கு இந்தத் தினசரி மாத்திரை எவ்வளவு பெரிய நிம்மதி! அதைச் சொல்ல டாக்டருக்கு இரண்டு நிமிஷம் ஆகுமா?

கர்ப்பிணிகள் இதை மறைக்கவே கூடாதுங்க. 36வது வாரத்தில் மாத்திரை தொடங்குவார்கள், பிரசவ வலி எடுக்கும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்து குழந்தையைக் காப்பாற்றுவார்கள். மாமியார் கூடவே வந்திருந்தால், அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.