600 மீட்டர் பாக்கி

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். இன்று காலையில் என் அக்கா மகனே அந்த வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை வைத்திருந்தான். அதற்கு மேல் முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எந்த வீடியோ என்று விளக்க வேண்டியதில்லை. மண்டல விளையாட்டு விழா, மாணவியர் 3000 மீட்டர். முதல் மூன்று பேரும் முடித்தாயிற்று, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் முடித்து நிழலுக்குப் போயாயிற்று. ஒரே ஒரு பிள்ளை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறாள். மைக்கில் குரல் வருகிறது: "டிராக்கில் உள்ள மாணவி வெளியே வரவும், சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார்." அவள் காதில் விழாத மாதிரி இன்னும் கொஞ்ச தூரம் ஓடுகிறாள். மறுபடி மைக். "ஏம்மா, போதும்மா, வெளிய வா." கூட்டம் சிரிக்கிறது. அவள் நிற்கிறாள். மேடைப் பக்கம் ஒரு தடவை பார்க்கிறாள். அப்புறம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே நடந்து போகிறாள்.

உங்களுக்கு வந்தது இருபது விநாடித் துண்டு. முழு ஓட்டத்தையும் படம் பிடித்த ஒருவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சுற்றுகளை எண்ணினேன். அவளுக்கு ஒன்றரைச் சுற்று பாக்கி இருந்தது. 600 மீட்டர். அவள் ஓடிக்கொண்டிருந்த வேகத்துக்கு மூன்று நிமிடத்தில் முடித்திருப்பாள். அதன்பிறகு மேடையில் பொன்னாடை போர்த்தவே அரை மணி நேரம் ஆனது என்று அங்கே இருந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். மூன்று நிமிடம் கொடுக்க முடியவில்லை.

ஓடுகிற பிள்ளையை யாரும் வெளியே கூப்பிடக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கடைசியாக வருகிறவள் கோட்டைத் தொடும்வரை அந்த ஓட்டம் நடந்துகொண்டிருக்கிறது. முதலாவதாக வந்தவள் முடித்ததும் முடிந்துபோகாது.

இது என் இரக்க குணத்தில் சொல்வது என்று நினைக்கிறவர்களுக்காக விதியையே சொல்கிறேன். 1500 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்களில் ஓடுகிற ஒவ்வொருவருடைய சுற்றையும் எண்ணிக் குறிக்க வேண்டும். அதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிச் சுற்று வந்துவிட்டது என்பதை ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும், வழக்கமாக மணி அடித்து. அந்த மணி ஜெயிக்கிறவளுக்கு மட்டும் உரியது என்று எங்கும் எழுதியில்லை. அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. தானாக டிராக்கை விட்டு வெளியேறியவர் மறுபடி அந்த ஓட்டத்தில் சேர முடியாது. ஓட்டத்தை முடிக்காதவர் என்றுதான் பதிவாகும். அப்படியென்றால் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேராக நேரம் இருக்காது, "டி.என்.எஃப்." என்று மூன்று எழுத்து இருக்கும். மைக்கில் கூப்பிட்டதால் வந்தாள் என்று எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது. பாதியில் விட்டுவிட்டுப் போனவள் என்றுதான் நாளைக்குப் பார்க்கிறவர் படிப்பார்.

விதி எவ்வளவு கறாரானது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் புதுக்கோட்டை லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். 25 சுற்று ஓடி முடித்து, வெண்கலம் என்று கொண்டாடி முடிப்பதற்குள், டிராக்கின் உள்பக்கம் கால் வைத்துவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்தார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் புவனேஸ்வரத்தில் 5000, 10,000 இரண்டிலும் ஆசிய சாம்பியனானவர். விதி விதிதான் என்று அன்றைக்கு ஏற்றுக்கொண்டோம். ஒரு கால் தப்பாகப் பட்டதற்கே பதக்கம் போகும் விளையாட்டில், ஓடுகிறவளைக் கையைக் காட்டி வெளியே வா என்று கூப்பிடும் அதிகாரம் மைக் பிடித்தவருக்கு எங்கிருந்து வந்தது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் கணவரே கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

1996. நான் பத்தாம் வகுப்பு. நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்திலிருந்து நடக்கிற தூரம். காலையில் ஐந்து மணிக்குக் கோரையாற்றுக் கரையில் ஓடுவேன், வெறுங்காலோடு. ஷூ என்பதே எங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் காலில் மட்டும்தான் இருந்தது. அப்பா விவசாயக் கூலி. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது தினம் ஒரு முட்டை அவித்துத் தரச் சொன்னார் அம்மாவிடம். தம்பி அழுவான், அவனுக்கு வெள்ளைக்கருவில் பாதி கொடுத்துவிட்டு நான் சாப்பிடுவேன்.

போட்டி நடந்த இடத்தில் 200 மீட்டர் மண் டிராக். 1500 மீட்டர் என்றால் ஏழரைச் சுற்று. சின்ன டிராக்கில் ஓடியவர்களுக்குத் தெரியும் அந்த அவமானம். பெரிய மைதானத்தில் ஒரு சுற்று பின்தங்கினால் இங்கே இரண்டு சுற்று பின்தங்கியதாகக் கண்ணுக்குத் தெரியும். தூரம் ஒன்றுதான், ஆனால் முன்னால் ஓடுகிறவர்கள் திரும்பத் திரும்ப உன்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒன்பது பேர் ஓடினோம். எட்டு பேர் முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு சுற்றும் சொச்சமும் பாக்கி. கோட்டருகே விசில் வைத்திருந்தவர் கையை வீசி "போ, போ, அடுத்த ஈவென்ட்" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, வேறென்ன செய்வேன்?

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, கால்கூடக் கழுவாமல் கேட்டார், "எத்தனாவதா வந்தே?"

என்னிடம் பதில் இல்லை. இதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. ஓடி முடித்திருந்தால் "ஒன்பதாவது பா" என்று சொல்லியிருப்பேன். அவர் சிரித்திருப்பார், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றிருப்பார். ஒன்பதாவது என்பது ஒரு இடம். எனக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நான் ஓடவில்லை. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

சரி. இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு வருகிறேன்.

"ஒரே நாளில் இத்தனை போட்டி நடத்த வேண்டும், நேரத்துக்கு எங்கே போவது?" உண்மைதான். நடத்துகிறவர்களின் சிரமம் தெரியும். சாப்பிடாமல் நிற்கிற உடற்கல்வி ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று காத்திருந்தது அடுத்த போட்டி இல்லை, மேடை. நீளம் தாண்டுதலும் குண்டு எறிதலும் பக்கத்தில் நடந்துகொண்டுதான் இருந்தன.

"வெயிலில் மயங்கி விழுந்திருந்தால் யார் பொறுப்பு?" இந்தக் கேள்வியை ஒரு டாக்டர் தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். மருத்துவக் குழுவில் உள்ளவர் வெளியே வரச் சொன்னால் ஓடுகிறவர் உடனே வந்தாக வேண்டும். அதுவும் விதிதான். அங்கே எந்த மருத்துவரும் அவள் பக்கம் போகவில்லை. வெயில்மேல் அக்கறை இருந்தால் 3000 மீட்டரைக் காலை ஆறரைக்கு வைத்திருக்கலாம்.

"பயிற்சி இல்லாமல் எதற்கு ஓட வர வேண்டும்?" இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எங்கே போய்ப் பயிற்சி எடுப்பாள்? ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் எந்தப் பள்ளி மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கவில்லை, சொல்லுங்கள். தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, மாட்டுக் குளம்புத் தடம் எல்லாம் கல்லாக இறுகியபின் அதன்மேல்தான் ஓட வேண்டும். அறுவடை வந்தால் காலியாக இருக்கிற இடமெல்லாம் நெல் காயும். நெல்லைக் குறை சொல்லவில்லை, அதில்தான் வளர்ந்தோம். மிச்சம் இருப்பது ரோட்டோரம். பொம்பளைப் பிள்ளை விடியற்காலையில் ரோட்டோரம் ஓடினால் என்னென்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும், உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், அவர்களுக்கும் தெரியும். இதையெல்லாம் தாண்டி ஒருத்தி 2400 மீட்டர் ஓடியிருக்கிறாள். அவளைப் பார்த்து எதற்கு வந்தாய் என்கிறீர்கள்.

இந்த மண்ணில் ஆள் இல்லாமலா இருக்கிறது? 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 4x400 தொடர் ஓட்டத் தகுதிச் சுற்றை 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்த அணியில் கடைசி ஆளாக ஓடிய ராஜேஷ் ரமேஷ், திருவாரூர் மாவட்டத்துப் பையன். அதே அணி அடுத்த மாதங்களில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. அன்றைக்கு எல்லோரும் "நம்ம டெல்டா" என்று பதிவு போட்டீர்கள், நானும் போட்டேன். ஜெயித்தவன் நம்ம பையன் என்றால், கடைசியாக ஓடியவளும் நம்ம பிள்ளைதானே?

"போட்டி என்றால் போட்டி, இது அன்னதானம் இல்லை" என்று ஒருவர். ஐயா, 2023 மே மாதம் கம்போடியாவில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் 5000 மீட்டர். வியட்நாம் வீராங்கனை 17 நிமிடத்தில் முடித்துத் தங்கம் வாங்கிவிட்டார். கம்போடியாவின் பூ சம்னாங் என்ற பெண், இரத்தசோகை உள்ளவர், கொட்டுகிற மழையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட ஆறு நிமிடம் கழித்துத்தான் முடித்தார். பல நாடுகள் கலந்துகொண்ட போட்டி, தொலைக்காட்சி நேரலை, மழை, அத்தனையும் அவருக்காகக் காத்திருந்தன. அவர் முடித்த பிறகு அந்த நாட்டுப் பிரதமரும் மனைவியும் 10,000 டாலர் பரிசு கொடுத்தார்கள். பணம் வேண்டாம். நாங்கள் கேட்பது அந்த மூன்று நிமிடம்.

நேற்று இரவெல்லாம் புதுக்கோட்டை சாந்தியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய பெண். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அது வேறு விஷயம் என்று சொல்வீர்கள். வேறுதான். ஆனால் எனக்கு எல்லாம் ஒரே இடத்தில் போய் வலிக்கிறது. ஓடி ஜெயித்தவளிடமிருந்தும் பிடுங்குகிறோம், ஓடி முடிக்கப் பார்க்கிறவளையும் விடுவதில்லை. அப்புறம் பொம்பளைப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். என் மகள் இந்த வருஷம் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கடைசியா வந்தா வீடியோ எடுப்பாங்கம்மா" என்றாள். பதிமூன்று வயது.

கடைசியாக மூன்று விஷயம். அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். என் அக்கா மகன் நீக்கிவிட்டான், நான் திட்டியதால் இல்லை, மேலே எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளையின் பெயர், பள்ளி எதையும் இங்கே போடாதீர்கள். அவளுடைய பி.டி. சாரைத் தெரிந்தவர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வாருங்கள். முழு வீடியோவில் அவள் இரண்டு தடவை குனிந்து இடது கால் ஷூவை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுகிறாள். யாருடையதோ பெரிய ஷூ. அவளுடைய கால் அளவு என்னவென்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.