கழித்தல் கணக்கில் ஸ்டோக்ஸை அளக்காதீர்கள்

துடுப்பாட்டச் சராசரியிலிருந்து (ஆட்டமிழப்புக்கு எத்தனை ஓட்டம்) பந்துவீச்சுச் சராசரியை (விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டம் கொடுத்தார்) கழித்து, மிச்சம் நாலு சொச்சம்தான் என்று இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸை, துடுப்பாட்டம் பந்துவீச்சு இரண்டிலும் வல்ல பெரிய சகலதுறை வீரர்களின் வரிசைக்கு வெளியே நிறுத்திவிட்டார் ஒரு கட்டுரையாளர். சரி, மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸையும் தென்னாபிரிக்காவின் கலிஸையும் எட்ட முடியாது. ஆனால் அதே கணக்கில் இங்கிலாந்தின் முன்னாள் வீரர் பொத்தமுக்கும் ஐந்துதான் வருகிறது. அவரையும் விட்டுவிடுவீர்களா?

2019 ஆகஸ்ட், இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானம், அவுஸ்திரேலியாவுடன் டெஸ்ட் போட்டி. முதல் இனிங்ஸில் 67க்குச் சுருண்ட இங்கிலாந்து அணிக்கு வெற்றி இலக்கு 359. அன்று இரவு கிளிநொச்சியில் ஒரு கடை வாசலில், ஒரே போனை ஆறு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசி ஆட்டக்காரர் லீச் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பந்தை எதிர்கொள்ள, மறுமுனையில் ஸ்டோக்ஸ் பார்க்க முடியாமல் குந்தித் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி விக்கெட்டுக்கு 76 ஓட்டங்கள், அதில் லீச்சுக்கு ஒன்று! ஸ்டோக்ஸ் ஆட்டமிழக்காமல் 135. அதற்கு முன் அவுஸ்திரேலியாவின் இரண்டாவது இனிங்ஸில் மூன்று விக்கெட்டுகளை எடுத்திருந்தவரும் அவர்தான்.

எங்கள் செம்மண் மைதானத்திலும் வெயில் ஏறி மற்றவர்கள் நிழலுக்கு ஒதுங்கும்போது, பந்தைக் கேட்டு வாங்குகிறவனைத்தான் சகலதுறை வீரன் என்போம்.

என் வரிசையில் ஸ்டோக்ஸ் பொத்தமுக்குப் பக்கத்தில். பாகிஸ்தானின் இம்ரான் கான் இருவருக்கும் மேலே. 362 விக்கெட்டுகளை 22.81 சராசரியில் எடுத்தவர் அவர்.