அழகர்கோவிலுக்குன்னு சொல்லி ஆஸ்பத்திரியில் இறக்காதீர்கள்

மனநோயாளிக்கு உரிமை என்று யாராவது பேச ஆரம்பித்தால் உடனே வரும் கேள்வி: "ராத்திரி அவன் அரிவாளைத் தூக்கினா நீ வந்து பிடிப்பியா?" (முக்கால்வாசிப் பேர் அரிவாளெல்லாம் தூக்குவதில்லை.) இருந்தாலும், ராத்தூக்கம் இல்லாமல் காவல் இருக்கும் அம்மாக்களுக்கு நான் பாடம் எடுக்க மாட்டேன்.

கட்டாயச் சிகிச்சையே கூடாது என்பதல்ல என் கட்சி. என் சண்டையெல்லாம் பொய்யோடுதான். அழகர்கோவிலுக்குப் போகலாம் வா என்று காரில் ஏற்றி மருத்துவமனை வாசலில் இறக்குவது, நாலு பேர் அமுக்கிப் பிடிக்க ஊசி போடுவது, வீடு திரும்பியதும் ரசத்தில் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது, இதெல்லாம் எங்கள் மதுரைப் பக்கம் சர்வசாதாரணம். என் சித்தப்பாவுக்கும் இதேதான் நடந்தது. யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற பயத்துக்குத்தான் அவருக்கு வைத்தியமே, அந்த மனுஷனுக்குப் போய்ச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தார்கள்! இன்றைக்கும் காபி கொடுத்தால், கொடுத்தவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவர் வாங்குவார்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடும்பத்தைக் கைவிட்டுவிடவில்லை. 89வது பிரிவின்படி சம்மதம் இல்லாமலும் சேர்க்கலாம். ஆனால் மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், ஒரே தடவையில் 30 நாளுக்கு மேல் வைக்க முடியாது, தானே முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாரா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் அவரே முறையிடலாம். சங்கிலியால் கட்டுவதை 95வது பிரிவு அடியோடு தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் செத்தார்கள். அதற்கப்புறமும் சங்கிலி எங்கேயும் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. புத்தி தெளிவாக இருக்கும்போதே, நாளைக்கு முடியாமல் போனால் எனக்கு இப்படிச் சிகிச்சை கொடுங்கள், இது வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். எனக்காகப் பேச வேண்டியவர் இன்னார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அண்ணன்தான், அப்பாதான் என்று கட்டாயமில்லை, நம்புகிற சிநேகிதராகவும் இருக்கலாம்.

சித்தப்பா எழுதத் தயார். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, யார் கூட வரவேண்டும், யார் வரவே கூடாது, எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறார். வீட்டில்தான் "நல்லா இருக்கறப்ப அதை எதுக்கு எழுதிக்கிட்டு, அபசகுனமா" என்று தள்ளிப்போடுகிறார்கள். சித்தி, எழுதப்போவது அவர்தான், அதற்கு நம்ம யாரோட அனுமதியும் தேவையில்லை.