மூன்று வருடத்தில் என்ன மருந்து வரும்?

புற்றுநோய் எபிஜெனெடிக்ஸில் பிஎச்டி முடித்து, இப்போது போஸ்ட்டாக் செய்கிறேன். ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தில் "மூன்றாம் ஆண்டு முடிவில் நோயாளிகளுக்கு என்ன பயன்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் துறை இதுதான்: டிஎன்ஏவின் எழுத்து மாறாது, ஆனால் அதன் மேல் மெத்தில் என்கிற குட்டி வேதித் தொகுதி வந்து உட்காரும். கட்டி வளராமல் தடுக்க வேண்டிய ஜீனின் தொடக்கத்தில் அது கூட்டமாக உட்கார்ந்துவிட்டால் அந்த ஜீன் வேலை செய்யாது. புத்தகத்தில் பக்கம் கிழியவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். ஒட்டியதைப் பிரிக்கலாமே!

அசாசைடிடின் என்கிற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் பிராக்கில் உருவாக்கினார்கள். செல்லைக் கொல்லும் மருந்தாக மட்டும் நினைத்து அதிக டோஸ் கொடுத்தார்கள், நோயாளிகளால் தாங்க முடியவில்லை. பிறகு அப்போது இளம் ஆராய்ச்சியாளரான பீட்டர் ஜோன்ஸும் கூட்டாளிகளும் அதை எலிக்கருச் செல்கள் மேல் போட்டுப் பார்த்தால், சில நாள் கழித்துத் தட்டில் தசைச் செல்கள்! சுருங்கித் துடிக்கிற தசை, யாரும் கேட்காத தசை. வேறு ஏதோ செல் கலந்துவிட்டது என்று தட்டைத் தூக்கிப் போட்டிருக்கலாம் (நாங்கள் போட்டிருப்போம், அடுத்த வாரம் ப்ரோக்ரஸ் ரிப்போர்ட் இருக்குமே). அவர்கள் 1977-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மருந்து மெத்திலேஷனை, அதாவது மெத்தில் வந்து உட்காருவதைத் தடுக்கிறது என்று 1980-ல் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் காட்டினார்கள். எம்டிஎஸ் என்கிற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004-ல். நாற்பது வருடம்! இதில் எந்த மூன்று வருடத்தை வெட்டியெடுத்து "இதோ பயன்" என்று கட்டத்தில் எழுதுவது?

சரி, எங்கள் நிலைமைக்கு வருவோம். பிஎச்டி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் என்கிற மாத உதவித்தொகையை 2023-ல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக்கினார்கள், சந்தோஷம். மாதாமாதம் கைக்கு வந்தால் இன்னும் சந்தோஷம். மெத்திலேஷன் பார்க்க டிஎன்ஏவை பைசல்ஃபைட் என்கிற வேதிப்பொருளில் போட வேண்டும், போட்டால் பாதிக்கு மேல் நொறுங்கிவிடும். நோயாளியிடம் எடுத்த சின்னத் துண்டிலிருந்து வருகிற டிஎன்ஏ ஒரு முறைக்குத்தான் காணும். அதற்கான கிட் கஸ்டம்ஸில் கிடக்க, ப்ராஜெக்ட்டின் காலக்கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் எனக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். ஐந்து வருடம் கொடுங்கள், கொடுக்கிற பணத்தை நேரத்துக்குக் கொடுங்கள். நடுவில் ஒரு தடவை வந்து "எதிர்பார்க்காதது ஏதாவது கண்ணில் பட்டதா?" என்று கேளுங்கள். லேபில் ஜூனியர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான், கிராஃபை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.