பார் மேலாளர் சான்றிதழும் பழைய குற்றப்பதிவும்

"அபராதம் கட்டிவிட்டான். ஆறு மாதம் கார் ஓட்டாமல் பஸ்ஸில் போய் வந்தான். இன்னும் என்ன தண்டனை?" நியூசிலாந்தில் உணவகம், மதுக்கடை, பார் என்று வேலை செய்யும் நம்மவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சிக்கிய ஒருவருடைய மேலாளர் சான்றிதழ் விண்ணப்பத்தைக் காவல்துறை எதிர்த்திருக்கும். இருப்பவர்கள் எல்லாரும் உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நான் சாய்வதில்லை. அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்க்க வேண்டும். இந்நாட்டின் 2012ஆம் ஆண்டு மது விற்பனைச் சட்டப்படி, பாரில் மது விற்கும் நேரம் முழுவதும் சான்றிதழ் பெற்ற மேலாளர் ஒருவர் பணியில் இருந்தாக வேண்டும். அவர் பெயரை வருகிறவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, நாக்குக் குழறும் ஒருவர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு இன்னொரு கோப்பை கேட்டால், "இன்றைக்குப் போதும் ஐயா, தண்ணீர் தருகிறேன், டாக்சி அழைக்கட்டுமா?" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். கேட்பவர் தாராளமாக டிப்ஸ் கொடுப்பவராக இருந்தாலும் சரி, முதலாளியின் சிநேகிதராக இருந்தாலும் சரி. அடுத்தவருக்கு எது அளவு என்று தீர்மானிக்கும் வேலை அது. தன் அளவையே தவறவிட்ட ஒருவரிடம், சான்றிதழ் தரலாமா என்று முடிவு செய்யும் உரிமக் குழு நாலு கேள்வி கேட்பதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் கதவைச் சாத்திவிடவும் இல்லை. இன்ன குற்றம் செய்தவர் என்றைக்குமே மேலாளராக முடியாது என்ற பட்டியல் அதில் கிடையாது. 222ஆம் பிரிவு, விண்ணப்பிப்பவரின் தகுதி, அவர்மீதான குற்றத் தீர்ப்புகள், அனுபவம், பயிற்சி ஆகியவற்றோடு காவல்துறையும் உரிம ஆய்வாளரும் தரும் அறிக்கைகளையும் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான். எத்தனை காலம் காத்திருப்பது என்பது 1995இல் அப்போதைய மது உரிம ஆணையம் வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து வந்த வழக்கம். கடுமையான குற்றம், மதுவால் நேர்ந்த குற்றம், மது விற்கும் இடத்தில் பணியின்போது செய்த குற்றம் என்றால் குறைந்தது ஐந்து ஆண்டு. ஒரே ஒரு முறை குடித்து வண்டி ஓட்டியது போன்றவற்றுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டு. இவை கறாரான வரம்புகள் அல்ல என்று அந்தத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

எனக்கு இந்த ஐந்தும் இரண்டும் பிடித்திருக்கின்றன. 'நன்னடத்தை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி இழுத்தடித்தால், நாலு பேரைத் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், புதிதாகக் குடியேறியவனுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். தேதி தெரிந்துவிட்டால் காத்திருக்கலாம். அதுவரை அதே பாரில் மது பரிமாறும் வேலையைப் பார்க்கத் தடையில்லை.

என் கோபமெல்லாம், இந்தக் காத்திருப்பைப் பற்றிக் கோர்ட் வாசலில் யாரும் சொல்வதில்லை என்பதுதான். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் வேலை முடிந்து சக ஊழியர்களோடு குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறான். இங்கே ஒரு லிட்டர் மூச்சில் 250 மைக்ரோகிராமுக்கு மேல் 400 வரை மது இருந்தால் 200 டாலர் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 50 தண்டப் புள்ளி. அது குற்றத் தீர்ப்பு ஆகாது. 400ஐத் தாண்டினால் கோர்ட். அவன் தாண்டியிருந்தான். ஒரு நாள் சம்பளம் போனால் போகிறது, தொல்லை விட்டது என்று முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்துவிட்டான். பிறகு மேலாளர் பயிற்சியை முடித்து, முந்நூறு டாலருக்கு மேல் கட்டணமும் கட்டி விண்ணப்பித்தபோதுதான், "அண்ணா, இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் வந்தான்.

2002ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, குற்றத்தின் கடுமைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு விளைவு பெரிதாக இருந்தால், தீர்ப்புப் பதியாமலே நீதிபதி விடுவிக்கலாம். குடித்து வண்டி ஓட்டிய வழக்கில் அது லேசில் கிடைக்காது. சான்றிதழ் விஷயத்தை உரிமக் குழுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நீதிபதி சொல்லவும் கூடும். ஆனாலும் ஒப்புக்கொள்வதற்கு முன் வழக்கறிஞரிடம் தன் வேலை என்ன என்பதையாவது சொல்ல வேண்டாமா?

இதைவிட மோசம், மறைப்பது. சாதாரணப் போக்குவரத்துக் குற்றங்களை விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை. ஆனால் குடித்து வண்டி ஓட்டுவது வரும் சட்டப்பகுதியைக் கேட்கிறது. நம்மவர்கள் "டிராபிக் கேஸ்தானே" என்று 'இல்லை' கட்டத்தில் குறி போட்டுவிடுகிறார்கள். காவல்துறை கணினியைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும். அதுவரை ஒரு தடவை சறுக்கியவராக இருந்தவர், அந்தக் குறியால் பொய்யர் ஆகிவிடுகிறார். நாலு வருடம் ஆயிற்று, அழிந்திருக்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பழைய பதிவை மறைக்க உதவும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு ஆண்டு புதிய தீர்ப்பு எதுவும் இல்லாமல் இருக்கச் சொல்கிறது. சிறைத்தண்டனை பெற்றவருக்கு அது பொருந்தாது. அபராத பாக்கியும் இருக்கக் கூடாது.

உரிமக் குழுக்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. முதல் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான், புதுப்பித்தால்தான் மூன்றாண்டு. அந்த ஓராண்டே ஒரு சோதனைக் காலம்தானே? புதுப்பிக்கும்போது காவல்துறை மறுபடியும் பார்க்கத்தான் போகிறது. ஒற்றைத் தீர்ப்போடு, எதையும் மறைக்காமல், இரண்டு ஆண்டுக்குச் சில மாதமே குறைவாக வந்து நிற்பவரை நாள்காட்டியைக் காட்டித் திருப்பி அனுப்புவதில் யாருக்கு லாபம்? பத்தொன்பது வயதில் கடையில் எதையோ எடுத்த பழைய வழக்குக்கும் மதுவால் வந்த வழக்குக்கும் ஒரே முகத்தைக் காட்டுவதும் சரியில்லை.

பார் முதலாளிகளே, உங்கள் ஊழியருக்காகக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. விசாரணை நாளில் நேரில் போங்கள். சனிக்கிழமை இரவு அவர் யாருக்கு ஊற்ற மறுத்தார், எப்படி மறுத்தார் என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.