கப்பிக் கணக்கு

(வீட்டில் அலங்கார மீன் வளர்த்து விற்கிற அக்காவிடம், தானும் அந்தத் தொழிலில் இறங்கப் போகிற தம்பி நோட்டோடு வந்திருக்கிறான்.)

தம்பி: 10 பெண் கப்பி மீன். ஒவ்வொன்றும் மாதம் 30 குட்டி. ஆக 300. அதில் பாதி பெண், 150. மூன்று மாதத்தில் அவையும் பெரிதாகிவிடும். 150 பெருக்கல் 30, மாதம் 4,500 குட்டி. அதில் பாதி 2,250. அவையும் குட்டி போட ஆரம்பித்தால் மாதம் 67,500. இன்னும் வருடமே முடியவில்லை அக்கா!

அக்கா: இதில் சாவது எத்தனை என்று போட்டிருக்கிறாய்?

தம்பி: சாவதா? எதற்குச் சாக வேண்டும்?

அக்கா: நோட்டில் வளர்க்கிற மீன் சாகாதுதான். பேசாமல் நோட்டையே விற்றுவிடு.

தம்பி: இப்படித்தான் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். போட்டிக்கு ஆள் வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? பயப்படாதீர்கள், உங்களிடம் வாங்குகிறவர்கள் பக்கமே நான் வரமாட்டேன். அந்த ரகசியத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

அக்கா: எந்த ரகசியம்?

தம்பி: அதுதான்.

(கண் சிமிட்டுகிறான். ரகசியம் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஏனோ இந்த இடத்தில் கண் சிமிட்டுகிறார்கள்.)

அக்கா: சரி, கேட்டுக்கொள். தண்ணீர் ஊற்றிய அன்றே மீனை விடாதே. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட் ஆக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு பாக்டீரியா. புதுத் தொட்டியில் இரண்டும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும்.

தம்பி: ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்கள். அதற்குள் நீங்கள் விற்று முடித்துவிடுவீர்கள். நல்ல யோசனை.

அக்கா: சீக்கிரம் ஆக வேண்டுமென்றால் என் தொட்டி ஃபில்டரில் இருக்கும் பஞ்சைத் தருகிறேன். அந்த பாக்டீரியா எல்லாம் அதில்தான் இருக்கிறது. எடுத்துப் போய் உன் ஃபில்டரில் வை.

தம்பி: உங்கள் தொட்டியின் அழுக்குப் பஞ்சை என் புதுத் தொட்டியிலா? அக்கா, போட்டி என்று வந்தால் இந்த அளவுக்குப் போவீர்களா?

அக்கா: கழுவாமல் வை என்று சொல்ல வந்தேன். வேண்டாம், விடு.

தம்பி: அப்புறம்?

அக்கா: அப்புறம் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் கலந்த தண்ணீரென்றால் அப்படியும் போகாது, மருந்து விட வேண்டும். குட்டி பிறந்ததும் தாயைப் பிரித்துவிடு, இல்லாவிட்டால் பாசியை அடர்த்தியாகப் போட்டு வை. தாயே பிடித்துத் தின்றுவிடும்.

தம்பி: பெற்ற தாயே தின்னுமா? பயமுறுத்துவதற்கும் ஒரு அளவு வேண்டாமா அக்கா? அதெல்லாம் சரி, ரகசியம்?

அக்கா: இதுவரை நான் சொன்னதெல்லாம் என்னவாம்?

தம்பி: இதெல்லாம் வேலை. நான் கேட்பது ரகசியம். சரி, 10 பெண்ணுக்கு ஆண் எத்தனை வேண்டும்? அதையாவது மறைக்காமல் சொல்லுங்கள்.

அக்கா: மூன்று, நாலு போதும். அதுகூட முதலில் மட்டும்தான். ஒரு தடவை சேர்ந்துவிட்டால் பெண் கப்பி விந்தை உள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு, ஆணே இல்லாமல் பல மாதம் குட்டி போடும். ஆணுக்கு அதன்பிறகு வாலைக் காட்டிக்கொண்டு திரிவதுதான் வேலை.

தம்பி: சண்டை மீனும் போடலாம் என்று இருக்கிறேன்.

அக்கா: அது வேறு மாதிரி. அதில் ஆண்தான் எல்லாம். நுரையில் கூடு கட்டும். கீழே விழுகிற முட்டையை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து மறுபடி கூட்டில் வைக்கும். குஞ்சு தானாக நீந்துகிற வரைக்கும் காவல் இருக்கும்.

தம்பி: பார்த்தீர்களா, ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான்!

அக்கா: மீனில்.

(கொஞ்ச நேரம் ஏர் பம்ப் சத்தம் மட்டும்.)

அக்கா: ஆனால் அந்த ஆண் குஞ்சுகள் வளர ஆரம்பித்ததும் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஒவ்வொன்றையும் தனிப் பாட்டிலில் வைக்க வேண்டும். நூறு ஆண் என்றால் நூறு பாட்டில். சின்னப் பாட்டிலில் ஃபில்டர் கிடையாது, அதனால் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். நூறு பாட்டிலுக்கும் யார் மாற்றுவது?

தம்பி: அவள்தான். என் மனைவி வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்.

அக்கா: குட்டிகளுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகையைப் பொரிக்க வைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டு, காற்று விட்டு, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து வடிகட்ட வேண்டும். தினமும். அது?

தம்பி: அவள்தான்.

அக்கா: மீனை அனுப்புவதற்கு முதல் நாள் தீனி நிறுத்தி, கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் பிடித்து, ரப்பர் பேண்ட் போட்டு...

தம்பி: அவளுக்குப் பொழுது போக வேண்டாமா அக்கா?

அக்கா: நீ என்ன செய்வாய்?

தம்பி: நான்தானே தொழில் செய்கிறேன்!

அக்கா: அவள் சும்மா இருக்கிறாள் என்றால், நீ போட்டிருக்கிற சட்டை தானாகவே துவைத்து, தானாகவே இஸ்திரி போட்டுக்கொண்டு வந்ததா? வீட்டிலிருந்தபடியே தொழில் என்று நீங்கள் எல்லாரும் சொல்வது, வீட்டில் இருக்கிறவள் தலையில் தொழில் என்பதுதான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

தம்பி: இன்னும் சொல்லவில்லை. தொட்டி வந்து இறங்கியதும் சர்ப்ரைஸ்.

அக்கா: எத்தனை தொட்டி?

தம்பி: பத்து. ஒவ்வொன்றும் 100 லிட்டர்.

அக்கா: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக ஒரு டன் சர்ப்ரைஸ். கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் தனி.

தம்பி: தண்ணீருக்கெல்லாமா எடை பார்ப்பார்கள்?

அக்கா: உன் வீடு என் தலைக்கு மேலே இருக்கிறது தம்பி. நான் பார்ப்பேன்.

(தம்பி மேலே பார்க்கிறான். அக்காவும் பார்க்கிறாள். தம்பிதான் முதலில் பார்வையை இறக்குகிறான்.)

தம்பி: இப்போது புரிகிறது. நீங்கள் தனி ஆளாக இவ்வளவும் செய்ய முடியாது. மாமாதான் பின்னால் நின்று எல்லாம் பார்த்துக்கொள்கிறார். அதுதானே ரகசியம்?

அக்கா: ஆமாம், அவரும் பார்க்கிறார். விசிட்டிங் கார்டு அடித்தார். அவர் பெயரில்.

தம்பி: பார்த்தீர்களா!

அக்கா: மீன் வாங்க வருகிறவர்கள் வலையும் கையுமாக நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, "சார் இல்லையா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் அப்புறம் வருகிறோம் என்று போகிறார்கள். அந்த சாருக்கு மாலி எது, பிளாட்டி எது என்று இன்றுவரை தெரியாது. இந்தக் கப்பியின் கதையே அதுதானே. டிரினிடாடில் கப்பி என்று ஒருவர் இந்த மீனைப் பிடித்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1866-ல் அவர் பெயரையே வைத்தார்கள். அதற்கு ஏழு வருடம் முன்பே, 1859-ல், பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் இதை விவரித்துப் பெயரும் வைத்திருந்தார். அறிவியலில் நிற்பது அவர் வைத்த பெயர்தான். ஆனால் ஊர் வாயில் கப்பிதான். மாதாமாதம் குட்டி போட்டுக்கொண்டிருப்பது என்னவோ மீன். அதன் பெயரை யார் கேட்டார்கள்?

தம்பி: அருமையான பெயர் அக்கா. நானும் என் பெயரிலேயே போர்டு வைத்துவிடுகிறேன்.

அக்கா: வை, நன்றாக வை. தண்ணீர் மாற்றுகிற கை அதைத் துடைத்தும் வைக்கும்.

தம்பி: (அலமாரி ஓரம் இருந்த ஜாடியை எடுத்து) ஒரு நிமிடம். இது என்ன? இந்தப் பழுப்புத் தண்ணீர்?

அக்கா: கீழே வை. காய்ந்த நாட்டு வாதாம் இலையை ஊறப் போட்டது. சண்டை மீனுக்கு.

தம்பி: ஆ! கடைசியில் உங்கள் வாயாலேயே வந்துவிட்டது பாருங்கள்! பாக்டீரியா, நைட்ரேட் என்று இவ்வளவு நேரம் சுற்றிவிட்டீர்களே! இலை! வெறும் இலை! கப்பிக்கு எத்தனை போட வேண்டும்?

அக்கா: கப்பிக்குப் போடாதே. இலை போட்டால் தண்ணீர் அமிலப் பக்கம் போகும். கப்பிக்குக் கொஞ்சம் உப்புக்கள் உள்ள கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும்.

தம்பி: மறுபடியும் மறைக்கிறீர்கள் பார்த்தீர்களா?

அக்கா: சரி தம்பி. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ, மிச்சம் இருக்கிற ரகசியமும் வெளியே போய்விடப் போகிறது.